மூன்று அருவி, ஒரு சீட்டு

சங்கத்தின் பொதுப்பெட்டியை இனியும் வைத்திருக்க வேண்டுமா என்று புதிய நிர்வாகக் குழு யோசிக்கிறது. கடைக்குக் கடை கியூஆர் அட்டை தொங்குகிறது, சில்லறைக்கு யாரும் அலைவதில்லை, பிறகு இந்தப் பெட்டி எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். பெட்டி எப்படி வந்தது என்று சீசன் மலருக்கு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். வைப்பதும் எடுப்பதும் அவர்கள் பாடு. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

குற்றாலம் சீசன் கடைக்காரர்களின் சங்கத்தில் அலுவலக மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதற்கு முன்பு திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். வணிகப் பக்கம் என் பொறுப்பு. ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து ஒரே நாணயத்தை வைத்துக்கொண்டு படும் பாட்டைப் பல மாதங்கள் தமிழாக்கியிருக்கிறேன். நாணயம் ஒன்று, கஜானா தனித்தனி. ஒரு நாடு கடனில் விழுந்தால் மற்றவர்கள் தூக்கிவிட வேண்டுமா? தூக்கிவிட்டால் அதன் வரவு செலவை எட்டிப் பார்க்கும் உரிமை யாருக்கு? முதலில் கட்டுப்பாடா, முதலில் உதவியா? அந்தச் செய்திகளுக்கு ஒரு வாசகர் கடிதம்கூட வந்ததில்லை. எழுதிய எனக்கே அது எங்கோ பெய்யும் மழையைப் பற்றிய அறிக்கை போலத்தான் இருந்தது. பிறகு தென்காசிக்கு வீடு மாற்றிக்கொண்டு இந்த வேலையில் சேர்ந்தேன். அதே செய்தி சொட்டச் சொட்ட நனைந்து என் மேசை முன்னால் வந்து நின்றது.

எங்கள் சங்கத்தில் மூன்று பஜார். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். மலை ஒன்றுதான் என்றாலும் மூன்றுக்கும் தண்ணீர் ஒரே மாதிரி வராது. ஓர் அருவியில் வெள்ளம் பாய்ந்து போலீஸ்காரர்கள் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டால், கூட்டம் அப்படியே வேன் ஏறி இன்னோர் அருவிக்குப் போய்விடும். இங்கே போட்ட டீ ஆறும். அங்கே பஜ்ஜிக்கு வரிசை நிற்கும். யார் உழைத்தார்கள், யார் சோம்பினார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று ஒரு புரளி கிளம்பி, பேருந்திலும் கடையிலும் யாரும் அதை வாங்காமல் இருந்த காலம் நினைவிருக்கலாம். செல்லும் என்று வங்கி சொன்னது, அரசு சொன்னது. ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள், காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஐநூறு ரூபாய் நோட்டோடு வந்து ஒரு டீ குடிக்கும் கூட்டத்துக்கு மீதி கொடுக்க வழியில்லாமல், சங்கம் ஒரு பத்து ரூபாய்ச் சீட்டைக் கொண்டு வந்தது. மீதிக்குப் பதில் சீட்டு. அதை மூன்று பஜாரில் எந்தக் கடையில் கொடுத்தாலும் பத்து ரூபாய்க்குப் பொருள். அரசாங்கம் அடித்த உலோகத்தை வாங்காத அதே ஜனம், நாங்கள் முத்திரை குத்திய சீட்டைச் சந்தோஷமாக இடுப்பில் செருகிக்கொண்டு போனது.

முதலில் காகிதத்தில்தான் அடித்தோம். குற்றாலத்தில், காகிதத்தில். குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத் துண்டிலிருந்து கொஞ்சம் கூழை எடுத்து நீட்டினார்கள். ஐந்தருவியில் பழக்கடை வைத்திருந்த ஆறுமுகம்தான் வழி சொன்னான். பழைய பிளக்ஸ் பேனர்களைச் சதுரம் சதுரமாக நறுக்கினோம். பின்பக்கத்து வெள்ளையில் முத்திரை. முன்பக்கத்தில் என்ன இருக்கிறதோ அது. ஒரு சீட்டில் கல்யாண மாப்பிள்ளையின் மீசை, இன்னொன்றில் ‘வருக வருக’வில் பாதி, மற்றொன்றில் காதுகுத்து விழாக் குழந்தையின் ஒரு கண். ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் மாப்பிள்ளையின் முகத்தை முழுசாக்க வேண்டும் என்று நாள் முழுவதும் கடை கடையாகச் சீட்டு மாற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மூக்கு மட்டும் கிடைக்கவில்லை.

சீட்டு மதிப்பு ஒன்று, முத்திரை மூன்று. பேரருவி பஜாருக்குப் பச்சை மை, ஐந்தருவிக்கு நீலம், பழைய குற்றாலத்துக்கு ரோஸ். முத்திரைக்குப் பக்கத்தில் கடை எண். அந்தந்த பஜார் தன் முத்திரையைத் தானே வைத்துக்கொண்டு தனக்கு வேண்டிய அளவுக்குக் குத்திக்கொண்டது. பொதுச் சீட்டு வேண்டும், ஆனால் தன் முத்திரையை யாரும் தொடக்கூடாது. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலையில் கணக்குத் தீர்ப்போம். அலுவலகத்தின் தகரக் கூரைக்கு அடியில் ஒரு நீள மேசை, அதன் மேல் முறம் போல மூன்று சொளகு. கடைக்காரர்கள் தங்களிடம் சேர்ந்த சீட்டுகளைத் துடைத்து, நிறம் பிரித்துச் சொளகில் போடுவார்கள். நான் எண் பார்த்து அடுக்குவேன். பிறகு ஒவ்வொரு கடைக்காரரும் முன்னால் வந்து, தன் எண் போட்ட சீட்டுகளைப் பணம் கொடுத்தோ, கையில் இருக்கும் மற்றக் கடைகளின் சீட்டைக் கொடுத்தோ மீட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்து இரண்டு திங்கள் மீட்காதவருக்குச் சங்கக் கொட்டகையில் இடம் போய்விடும். இதுதான் விதி. வேறு விதி எதுவும் இல்லை.

தலைவர் காதர் பாய். கிராம்பு, ஏலக்காய் வியாபாரம். அவர் கூட்டம் நடத்தும் முறையைச் சொல்லியாக வேண்டும். நாற்காலி கிடையாது. எல்லோரும் நின்றபடிதான் பேச வேண்டும். சாரல் பலமாகித் தகரத்தில் இரைச்சல் எழுந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அது ஓய்ந்த பிறகுதான் அடுத்த வாக்கியம். பாதிச் சண்டைகள் அந்த இடைவெளியிலேயே ஆறிவிடும். ஒருவர் பேசி முடித்ததும் அவர் சொன்னதைப் பாய் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வார், அவர் சொன்னதைவிட நன்றாகவே. “இதுதான சொல்லுதீரு?” என்பார். ஆமாம் என்ற பிறகுதான் மறுப்புக்கு இடம். யாராவது ஒரு யோசனையோடு வந்தால் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: “பெறவு?” அந்தப் ‘பெறவு’க்குப் பதில் இல்லாத யோசனை அங்கேயே உட்கார்ந்துவிடும்.

முதல் சீசன் சிரிப்பும் கொண்டாட்டமுமாகப் போயிற்று. இரண்டாவது சீசனில்தான் சிக்கல் வந்தது.

பழைய குற்றாலத்தில் பேச்சியம்மாள் டீயும் வடையும் போட்டாள். கைவேகமும் வாய்வேகமும் உள்ளவள். நல்ல கூட்டம் இருந்த ஒரு வாரத்தில் நிறைய ரோஸ் சீட்டுகளை மீதியாகக் கொடுத்திருந்தாள். மறுவாரம் மலையில் பேய்மழை. பழைய குற்றாலத்தில் கயிறு கட்டிவிட்டார்கள், அந்த வாரம் முழுக்க அவிழ்க்கவே இல்லை. அவள் கொடுத்த சீட்டுகளெல்லாம் கூட்டத்தோடு வேன் ஏறி ஐந்தருவிக்கும் பேரருவிக்கும் போய்ச் சேர்ந்தன. திங்கட்கிழமை அவற்றை மீட்க அவள் கையில் பணமில்லை. இன்னும் ஒரு திங்கள் தவறினால் கொட்டகை போய்விடும். அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் விதியைக் கையில் எடுத்தவர் முருகையா அண்ணாச்சி. பேரருவி பஜாரில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடை, மூன்று பஜாரிலும் பெரியது.

“விதின்னா விதிதான பாய். அவ அருவில தடைன்னா அதுக்கு எங் கடை எண்ணெயா காயணும்?”

“அருவி எப்ப எனக்குப் பட்டா ஆச்சு அண்ணாச்சி?” என்றாள் பேச்சியம்மாள். “போன சீசன்ல நீங்க ரெண்டு திங்கள் மீக்காம விட்டியளே. அப்ப உங்க வீட்டுக் காலண்டர்ல திங்கக்கெழமையே கெடையாதோ?”

கூட்டம் சிரித்தது. உண்மைதான். முந்தைய சீசனில் அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்காக இரண்டு வாரம் தள்ளிப் போட்டார். பெரிய கடை என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை. விதியை முதலில் மீறியவர் அதற்காக அதிகம் வாதாடியவரே. இந்தச் செய்தியையும் நான் முன்பு ஒருமுறை தமிழாக்கியிருக்கிறேன். நாடுகளின் பெயர்தான் வேறு.

பாய் ஒரு யோசனையை முன்வைத்தார். மூன்று முத்திரையும் வேண்டாம், ஒரே முத்திரை, அது அலுவலகத்தில் இருக்கட்டும். யார் எவ்வளவு சீட்டு வாங்கலாம் என்பதற்கு வரம்பு. கூடவே ஒரு பொதுப்பெட்டி. எல்லோரும் வாரந்தோறும் அதில் போட வேண்டும். எந்த அருவியில் தடையோ அந்த பஜாரின் சீட்டைப் பெட்டி மீட்கும்.

இரண்டும் நல்லதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எது முதலில் என்ற வரிசையில்தான் சண்டை வந்தது. முதலில் முத்திரையை ஒப்படைக்கட்டும், ஒரு சீசன் ஒழுங்காக நடந்து காட்டட்டும், அப்புறம் பெட்டியைப் பற்றிப் பேசலாம் என்றது பேரருவி. முதலில் பெட்டியில் பணம் போடுங்கள், அப்புறம் முத்திரையைத் தருகிறோம் என்றது பழைய குற்றாலம். நடுவில் ஐந்தருவி ஆறுமுகம், “எங் கல்லாவ எட்டிப் பாக்காத வரைக்கும் எது வந்தாலும் சரிதாம்வே” என்றான். சாரல் பலத்தது. பாய் பேச்சை நிறுத்தினார். அது ஓய்ந்தபோது எல்லோரும் கடைக்குக் கிளம்பியிருந்தார்கள்.

அந்த வாரத்தில் முருகையா அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். ரோஸ் சீட்டை வாங்கக்கூடாது என்று தன் கடை ஆட்களிடம் சொல்லிவிட்டார். மறுநாளே ஆறுமுகமும் அதைச் செய்தான். வேன் டிரைவர்கள் ரோஸ் சீட்டை ஏழு ரூபாய்க்கு வாங்க ஆரம்பித்தார்கள். அதுவரை எல்லாம் அண்ணாச்சி நினைத்தபடிதான் நடந்தது.

வெளியூர்க்காரனுக்கு நிறம் தெரியாது என்பதை மட்டும் அவர் நினைக்கவில்லை. பச்சை எது, ரோஸ் எது, எந்த அருவி எது என்று குளிக்க வந்தவன் எதற்காக ஞாபகம் வைத்துக்கொள்வான்? சீட்டு செல்லாதாம் என்ற ஒரே வரிதான் அவன் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் திரும்பும் கூட்டம் கையில் இருந்த சீட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு பணமாக மாற்றக் கிளம்பியது. பெரிய கடை அதிகம் விற்கும், அதிகம் விற்கும் கடைதான் அதிகம் மீதி கொடுக்கும். ஊரில் சுற்றிய சீட்டில் பெரும்பங்கு முருகையா அண்ணாச்சியின் பச்சை. சிப்ஸ் வாங்குகிறவர்களைவிடச் சீட்டை நீட்டுகிறவர்களின் வரிசை நீளமாயிற்று.

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். கல்லாவில் இருந்த நோட்டு தீர்ந்ததும் அண்ணாச்சி உள்ளே போய் இரண்டு எண்ணெய் டின்களைத் தூக்கிவரச் சொன்னார். டின் நிறையப் பத்து ரூபாய் நாணயம். மாதக்கணக்கில் சேர்ந்தது. அதில் கை விட்டு அள்ளி நீட்டினார்.

முன்னால் நின்ற பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். “நல்ல சீட்ட வாங்கிட்டுச் செல்லாத காசத் தாரீரே, இது ஞாயமாவே?”

“வே, இது கவருமெண்டு காசுவே.”

“அப்பம் நீரே வச்சுக்கிடும்.”

வரிசை முழுவதும் சிரித்தது. அண்ணாச்சிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் முதலில் ஆறுமுகத்தைப் போனில் கூப்பிட்டார். ஐந்தருவியில் இனி எந்த நிறச் சீட்டையும் வாங்குவதில்லை என்று அவன் சொல்லிவிட்டான். பிறகு பாய் சிப்ஸ் கடைக்கே வந்து என் அருகில் நின்று, பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, போனை ஒலிபெருக்கியில் போட்டார். பழைய குற்றாலத்தில் அன்று காலையில்தான் கயிற்றை அவிழ்த்திருந்தார்கள். கூட்டம் அங்கே திரும்பிக்கொண்டிருந்தது.

“பச்சைச் சீட்ட நீ வாங்கிக்கிடுவியா பேச்சி?”

“எஞ் சீட்ட வாங்காதவரு சீட்ட நான் வாங்கணுமாக்கும். வாங்க மாட்டேன்.”

“சரி. பெறவு?”

அவள் எண்ணெய்ச் சட்டியில் வடையைத் திருப்பிப் போடும் சத்தம் போனில் கேட்டது.

“பெறவு என்ன பாய். பச்ச விழுந்தா ரோஸும் எந்திரிக்காது. மீதி குடுக்க வழியில்லாம நான் வடைய மட்டும் அடுக்கி வச்சிக்கிட்டு நிக்கணும்” என்றாள். இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாளைக்குத் திங்கக்கெழமதான? பச்சைய வாங்குதேன். எவ்வளவு வந்தாலும் வாங்குதேன். அண்ணாச்சிட்ட சொல்லீருங்க, காலைல நேரத்தோட வரணும்னு” என்று வைத்துவிட்டாள்.

ஓர் அட்டையில் ‘எந்த நிறச் சீட்டும் வாங்கப்படும்’ என்று எழுதி வாசலில் கட்டினாள். அவள் கட்டியதைப் பார்த்து அந்த வரிசைக் கடைகள் எல்லாம் கட்டின. வேன் டிரைவர்கள் செய்தியைச் சுமந்தார்கள், ஏழு ரூபாய்க்கு வாங்கிய ரோஸையும் சேர்த்துச் சுமந்தார்கள். மத்தியானத்துக்குள் சிப்ஸ் கடை வரிசை கலைந்தது. சீட்டு செல்லும் என்று தெரிந்ததும் யாருக்கும் அதை மாற்றும் அவசரமில்லை. வடை நன்றாக இருக்கிறதாம் என்று பழைய குற்றாலத்துக்கு வேன் ஏறினார்கள்.

மறுநாள் காலையில் என் சொளகுகளில் விழுந்ததைப் பார்த்து நானே அசந்துபோனேன். பேச்சியம்மாள் கொண்டுவந்தது பை நிறையப் பச்சை. ஆறுமுகத்திடமும் முருகையா அண்ணாச்சியிடமும் இருந்த தன் ரோஸ் சீட்டுகளை அந்தப் பச்சையைக் கொடுத்தே மீட்டாள். பச்சையை மறுக்க அண்ணாச்சியால் முடியாது, அது அவருடையது. திங்கட்கிழமை மேசையில் ஆறுமுகமும் விதிப்படி அதை வாங்கியாக வேண்டும். யாரும் அவளுக்கு இரக்கம் காட்டவில்லை, விதியைத் தளர்த்தவும் இல்லை. இரண்டாவது திங்கள் வந்தது, அவள் கணக்கு தீர்ந்தது, கொட்டகை நின்றது. மிச்சம் கொஞ்சம் பச்சை அவள் கையில் இருந்தது. அதை விசிறியாகப் பிடித்து விசிறிக்கொண்டு நின்றாள். அதில் ஒன்றில் யாரோ ஒரு மாப்பிள்ளையின் மூக்கு.

கூட்டம் உடனே தொடங்கியது. பாய் அன்று தன் வழக்கத்தை மாற்றினார். “இன்னைக்கு நான் திருப்பிச் சொல்லல. முருகையா, பேச்சி பக்கத்த நீரு சொல்லும். பேச்சி, நீ அவரு பக்கத்தச் சொல்லு.”

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “தண்ணி வாரதும் வராததும் அவ கையில இல்ல. கயிறு கட்டுன வாரத்துக்கும் சேத்து அவளே பொறுப்புன்னா, அது அவ பண்ணுன தப்புக்குத் தண்டன மாதிரி ஆயிருது.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நேத்து எனக்கு ஆச்சுல்லா, அது மாதிரி” என்றார்.

“இதுதான பேச்சி சொல்லுத?”

“அதேதான்.” பிறகு அவள் முறை. “எங்க பாட்டுக்கு முத்திரையக் குத்திக் குத்தித் தள்ளிட்டு, தண்ணி வரலன்னா அண்ணாச்சி கடை வாசல்ல வந்து நிப்போமோன்னு அவருக்குப் பயம். எங்க வரிசையிலயே ரெண்டு பேரு அப்படித்தான் குத்துதாங்க. பயம் ஞாயந்தான்.”

“இதுதான சொல்லுதீரு?”

“நான் இவ்வளவு நல்லாச் சொல்லல” என்றார் அண்ணாச்சி.

ஆனாலும் வரிசைச் சண்டை தீரவில்லை. முதலில் முத்திரையா, முதலில் பெட்டியா? இதற்குத்தான் பாய் அன்று பெட்டியையே கொண்டுவந்திருந்தார். அவர் கடையில் ஏலக்காய் வைக்கும் பழைய தகரப் பெட்டி. திறந்ததும் மணத்தது. மேசையின் நடுவில் வைத்து, “மூணு முத்திரையையும் இதுக்குள்ள போடுங்க. முருகையா, அதே கையோட மொதப் பணத்தப் போடும். எது மொதல்ல விழுந்துச்சுன்னு யாரும் பாக்க வேண்டாம்” என்றார்.

தகரத்தில் சாரல் இறங்கியது. பேச முடியாது, போகவும் முடியாது. அந்த இரைச்சலுக்கு நடுவில் பேச்சியம்மாள் ரோஸ் முத்திரையை மடியிலிருந்து எடுத்தாள். அண்ணாச்சி அவளைப் பார்த்துக்கொண்டே பச்சை முத்திரையையும் ஒரு நோட்டுக்கட்டையும் எடுத்தார். ஆறுமுகம் இருவரையும் பார்த்துவிட்டு, தான் மட்டும் தனியாக நிற்பது தெரிந்து, அவசரமாக நீலத்தைப் போட்டான். எது முதலில் விழுந்தது என்று மேசைக்குப் பக்கத்திலேயே நின்ற எனக்கும் தெரியவில்லை. மழைச் சத்தம் அப்படி.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். புதுச் சீட்டுக்கு என்ன நிறம் என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. கடைசியில் கறுப்பு, ஏனென்றால் அது யாருக்கும் பிடிக்கவில்லை. அரை நாள் கயிறு கட்டினால் அது தடையில் சேருமா என்று ஆறுமுகம் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான். வரம்பை முதலில் தாண்டியவரும் முருகையா அண்ணாச்சிதான். ஆனால் இம்முறை அபராதம் உண்டு. பத்து ரூபாய் நாணயமாகக் கொண்டுவந்து கொட்டினார். சங்கம் வாங்கிக்கொண்டது, நான் ரசீது எழுதினேன்.

பிறகு போனிலேயே பணம் போகும் காலம் வந்தது. சீட்டு தானாக ஓய்ந்தது. மிச்சமிருந்த பிளக்ஸ் துண்டுகளைக் கடைக்காரர்கள் ஒழுகும் கூரைக்கு ஒட்டுப் போட்டார்கள். பெட்டி மட்டும் நின்றது. சீட்டு இல்லாத காலத்தில் அது தடை விழுந்த பஜாருக்கு நேராகவே பணம் கொடுத்தது. இப்போது பெட்டிக்குப் பொருளாளர் பேச்சியம்மாள்.

புதிய குழுவின் யோசனையைப் போன வாரம் காதர் பாயிடம் சொன்னேன். அவர் கடையில் உட்கார்ந்து மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்தார். பாதிப் பழத்தை என்னிடம் நீட்டி, “மூடட்டும். பெறவு?” என்றார்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் பேரருவியில் வெள்ளம் பாய்ந்து கயிறு கட்டினார்கள், சீசனின் உச்சத்தில். இந்தத் திங்கட்கிழமை நான் பழைய பழக்கத்தில் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இப்போதும் நாற்காலி இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாள் பெட்டியைத் திறந்து வைத்து நின்றாள். பேரருவிக் கடைக்காரர்களின் வரிசையில் முதல் ஆளாக முருகையா அண்ணாச்சி.

அவள் பணத்தை எடுத்தாள், கொடுக்கவில்லை.

“இன்னைக்கு என்ன கெழம அண்ணாச்சி?”

வரிசை முழுவதும் காத்திருந்தது. அண்ணாச்சி கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மழை விட்டிருந்தது. தப்பிக்க வழியில்லை.

“திங்கக்கெழமட்டீ” என்றார். “எங்க வீட்டுக் காலண்டர்லயும் திங்கதான் போட்டிருக்கு.”